நீல விளக்கில் சிவக்கும் கட்டி: ஏஎல்ஏ குடித்த நாளில் ஆபரேஷன் தியேட்டரில் நடப்பவை

க்ளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியின் நடுப்பகுதியைக் கண்டுபிடிக்க எந்தச் சாயமும் வேண்டாம். சாம்பலும் மஞ்சளுமாய்ச் சிதைந்து கிடக்கும். தகராறு ஓரத்தில்தான். வெள்ளை வெளிச்சத்தில் கட்டி எங்கே முடிகிறது, வீங்கிய மூளை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அந்த ஓரத்துக்காகக் கொடுப்பதுதான் 5-அமினோலெவுலினிக் அமிலம். தியேட்டரில் சுருக்கமாக ஏஎல்ஏ.

இது நம் உடல் ஹீம் (ரத்தத்துக்குச் சிவப்பு தரும், இரும்பு கலந்த பொருள்) தயாரிக்கும் வழியில் வரும் ஒரு பொருளே. வெளியிலிருந்து அதிகமாகக் கொடுத்தால் கட்டிச் செல்கள் அதை புரோட்டோபோர்ஃபைரின் வரை மாற்றிவிடும். இரும்பு சேர்த்து ஹீமாக்கும் கடைசிப் படியில் வேலை தேங்கிவிடும். தேங்கிய புரோட்டோபோர்ஃபைரின்மேல் 400 நானோமீட்டர் அளவிலான நீல ஊதா ஒளி பட்டால் 635 நானோமீட்டரில் சிவப்பாகத் திருப்பித் தரும். ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் குழு செய்த ஆய்வு 2006இல் வெளியானது: வெள்ளை வெளிச்சத்தில் 36 சதவீதம் பேருக்கும், ஏஎல்ஏ கொடுத்தவர்களில் 65 சதவீதம் பேருக்கும், எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறி வெளுப்பாகத் தெரியும் பகுதி முழுதும் அகற்றப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் அனுமதி. அமெரிக்காவில் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வேலை எடை மெஷினில் தொடங்குகிறது. "அறுபது இருக்கும் சார்" என்ற பதிலை நம்பி அளவு போடுவதில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு குப்பியில் 1.5 கிராம் தூள். 50 மில்லி குடிநீரில் கரைத்தால் மில்லிக்கு 30 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 1,200 மில்லிகிராம், அதாவது 40 மில்லி. 75 கிலோவைத் தாண்டினால் இரண்டாவது குப்பி உடைக்க வேண்டும். விலை உயர்ந்த மருந்து என்பதால் அதை முந்தின நாளே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவது நல்லது. போர்ஃபைரியா (ஹீம் தயாரிப்பில் வரும் கோளாறு) இருக்கிறதா, பெண் என்றால் கர்ப்பமா என்று கேட்காமல் கரைக்கவே கூடாது. டெட்ராசைக்ளின், சல்ஃபா, சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளும் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைப்பவை. அன்று அவற்றை ஒதுக்கிவைக்கிறோம்.

மயக்கம் கொடுப்பதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். நாங்கள் 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறோம். மூளையில் ஒளிர்வு உச்சத்தில் இருப்பது குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில். ஒன்பது மணிக்கு மயக்கம் என்றால் ஆறு மணிக்கு மருந்து. நண்பகலுக்கு மேல் ஓரத்தைத் தொடும்போது சரியாக இருக்கும். முதல் கேஸ் இழுத்துக்கொண்டு போனால் இந்தக் கணக்கெல்லாம் தவிடுபொடி. ஆகவே ஏஎல்ஏ கேஸ் எப்போதும் லிஸ்டில் முதலாவது. 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் அன்று விட்டுவிட்டு, மறுநாளோ அதற்குப் பிறகோ புதிதாக ஒரு டோஸ் கொடுத்துத் தொடங்க வேண்டும்.

நோயாளிமேல் டிரேப் துணி போர்த்தும் முன்பே மைக்ராஸ்கோப்பின் நீல ஃபில்டரை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். மண்டையைத் திறந்த பிறகு ஃபில்டர் சிக்கிக்கொண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தலைக்கு மேலுள்ள பெரிய விளக்குகள் அணைய வேண்டும், சுவர் விளக்கும்தான். மயக்க மருத்துவருக்கு ஒரு சின்ன விளக்கு போதும், அதுவும் நம் பக்கம் திரும்பாமல்.

நீலத்துக்கு மாற்றியதும் சாதாரண மூளை நீலமாகத் தெரியும், கட்டி தணல் மாதிரிச் சிவக்கும். ரத்தம் கறுப்பு. இந்தக் கறுப்புதான் பெரிய தொல்லை: ஒரு மெல்லிய ரத்தப்படலம் போதும், அடியில் இருக்கும் சிவப்பு முழுதும் மறைந்துவிடும். அதனால் வெள்ளையில் ரத்தத்தை நிறுத்தி, சலைன் விட்டுக் கழுவி, காட்டனாய்டு பஞ்சுத் துண்டுகளை எடுத்துவிட்டு, பிறகுதான் நீலம். நீல வெளிச்சத்தில் எங்கிருந்து கசிகிறது என்று தெரியாது. கசிவைச் சுட்டு அடைக்கும் பைப்போலாரைப் பிடிக்க வெள்ளைக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஒரு கேஸில் இப்படி எத்தனை முறை மாற்றுகிறோம் என்று எண்ணியதில்லை.

குழியின் விளிம்பு கூரைபோல் கவிந்திருந்தால் அதன் அடியில் இருப்பது தெரியாது. ஒளி நேராகப் பட வேண்டும்; மைக்ராஸ்கோப்பைச் சாய்த்து ஒவ்வொரு சுவராகப் பார்க்க வேண்டும். தூரம் கூடினாலும் சிவப்பு மங்கும். இன்னொன்று, வெளிச்சமே ஒளிர்வைத் தின்னும், நீலம் வேகமாக, வெள்ளை மெதுவாக. ஆனால் மேல்படலம்தான் வெளுக்கும். அதை உறிஞ்சி எடுத்தால் அடியில் புதுச் சிவப்பு நிற்கும்.

நிறத்தை வாசிப்பதில்தான் அனுபவம் பேசும். அடர்சிவப்பு என்றால் திரண்ட கட்டி. வெளிறிய ரோஜா நிறம் என்றால் மூளைக்குள் ஊடுருவிய செல்கள். அங்கே வேலை செய்யும் மூளையும் கலந்தே இருக்கும். செத்த திசு ஒளிராது, அதனால் நடுவில் இருட்டாக இருப்பதைப் பார்த்துக் கட்டி முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மூளைக்குள் நீர் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிளின் உட்படலம் கட்டி இல்லாமலே சிவக்கலாம். கதிர்வீச்சு வாங்கிய மூளையும், வீக்கம் கண்ட திசுவும் அப்படித்தான். தாழ்ந்த கிரேடு க்ளையோமா (மெதுவாக வளரும் மூளைக்கட்டி) பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை.

சிவப்பாக இருப்பதெல்லாம் எடுக்கத் தக்கது அல்ல என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அந்த ஜெர்மன் ஆய்விலேயே அறுவைக்குப் பின் முதல் 48 மணி நேரத்தில் நரம்புக் குறை கூடியவர்கள் ஏஎல்ஏ பிரிவில்தான் அதிகம். சாயத்துக்குக் கட்டி தெரியும்; கை கால் அசைக்கும் நரம்புப்பாதை தெரியாது. அதற்கு மின்தூண்டல்: சிறு மின்சாரம் கொடுத்து, நரம்புப்பாதை அருகில் இருக்கிறதா என்று மானிட்டரில் பார்ப்பது. ரோஜா நிறம் மிச்சமிருக்கும்போதே மானிட்டர் எச்சரித்தால் அங்கேயே நிறுத்துகிறோம்.

ஏஎல்ஏ கட்டுப்படியாகாத இடங்களில் கண் ஆஞ்சியோவுக்கு (விழித்திரை ரத்தக்குழாய்ப் படம்) பயன்படும் ஃப்ளூரசீன் சாயம் கைகொடுக்கிறது. 1948லேயே ஜார்ஜ் மூர் மூளைக்கட்டிக்குப் பயன்படுத்தியது இதைத்தான். மயக்கம் கொடுக்கும்போது கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் நரம்பில் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் மஞ்சள் 560 ஃபில்டரில் பார்க்கலாம். மலிவு; அந்த வெளிச்சத்திலேயே ரத்தத்தையும் நிறுத்தலாம். ஆனால் அது கட்டிச் செல்லுக்குள் உருவாவதில்லை, ரத்தத்திலிருந்து பொருள்கள் மூளைக்குள் கசியாமல் காக்கும் தடுப்பு உடைந்த இடத்தில் கசிந்து தேங்குவது. அறுத்த விளிம்பிலும் கசியும். பட்டும்படாமலும்தான் நம்ப வேண்டும்.

குடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கண்ணிலும் தோலிலும் பலத்த வெளிச்சம் படக் கூடாது. ஐசியூவில் ஜன்னல் ஓரப் படுக்கை வேண்டாம், தலைமாட்டு விளக்கைத் தணிக்க வேண்டும், கண்பாப்பாவைச் சோதிக்கும் டார்ச்சைச் சுருக்கமாக. கல்லீரல் நொதிகள் சில நாள் ஏறி இறங்கலாம். நைட் டியூட்டி சிஸ்டர் மாறும்போது இதெல்லாம் விட்டுப்போகும், அதனால் மருந்து குடித்த மணியைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைக்கிறோம்.