சாஃப்ட் டாப் ராங்லருக்கு பூட்டு எங்க போடணும்? என் அனுபவம்

துணிக் கூரை போட்ட சாஃப்ட் டாப் ஜீப் ராங்லர்ல கதவைப் பூட்டுறதால பெருசா பிரயோஜனம் இல்லைங்க. கையில பிளேடு இருக்கிறவன் துணியைக் கிழிச்சுட்டு உள்ள வந்துருவான், உள்ள இருந்து போன சாமானை விட கிழிஞ்ச டாப்பை மாத்துற செலவுதான் ஜாஸ்தியா இருக்கும். அதுக்காகவே நிறைய பேர் கதவை பூட்டாம விட்டுடுறாங்க, நான் இன்சூரன்ஸ் பாலிசியை முழுசா படிச்சுட்டு பூட்டித்தான் வைக்கிறேன், ஆனா அதை நம்பி இல்ல. உள்ள வந்தா வரட்டும், வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடாது, தூக்கிட்டுப் போக எதுவும் கைக்குக் கிடைக்கக்கூடாது, அவ்ளோதான் என் கணக்கு.

எதுல ஆரம்பிக்கணும்னு எனக்கு புரிய வெச்சது அமெரிக்காவுல நடந்த சான் டியாகோ கேஸ். ஒரு கும்பல் 2014-ல இருந்து அந்த கவுண்டியில மட்டும் 150-க்கு மேல ராங்லரைத் திருடி எல்லை தாண்டி மெக்ஸிகோவுல இருக்கிற டிஹுவானாவுக்கு கொண்டு போயிருக்கு, 2017 மே மாசம்தான் வழக்கு விவரம் வெளிய வந்துச்சு. முன்னாடியே வந்து வண்டியோட வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள எண்) எடுத்துட்டுப் போயிடுறது, அதை வெச்சு சாவி கோடு வாங்கி டூப்ளிகேட் போடுறது, ராத்திரி வந்து பானெட்டைத் திறந்து ஹார்னையும் லைட்டையும் அடக்குறது, அப்புறம் உள்ள போய் ஓபிடி போர்ட்ல (மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுற சாக்கெட்) மெஷினை சொருகி புது சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்திட்டு ஓட்டிட்டுப் போயிடுறது. இதைப் படிச்சதும் அவங்க செஞ்ச வரிசையிலயே ஒவ்வொண்ணா அடைச்சுட்டு வரலாம்னு முடிவு பண்ணேன்.

வின் நம்பர் கண்ணாடி வழியா டேஷ்போர்டுல தெரியும், வெளிய நிறுத்துறப்போ அதுமேல ஒரு மறைப்பு வெச்சுடுறேன். அடுத்தது பானெட். ராங்லர்ல ரெண்டு பக்கமும் கிளிப் வெளியவே இருக்கு, அதனால சாவி போட்டுத் திறக்கிற பானெட் லாக் மாட்டினேன். பேட்டரி, ஹார்ன், ஃப்யூஸ் பாக்ஸ் எல்லாமே அதுக்கு கீழதான் இருக்கு, என்னைக் கேட்டா முதல் காசை இதுக்குத்தான் செலவு பண்ணணும்.

ஓபிடி போர்ட்டுக்கு இரும்பு மூடி போட்டு பூட்டிட்டேன். 2018-ல வந்த ஜேஎல் மாடல்ல இருந்து செக்யூரிட்டி கேட்வேன்னு ஒரு மாட்யூல் இருக்கு, கண்ட ஸ்கேனரையும் உள்ள விடாம தடுக்கும், ஆனா அதை சுத்திப் போற பைபாஸ் கேபிளும் விக்கிறாங்க, அதனால மூடி தேவைதான். சர்வீஸுக்கு விடுறப்போ அந்த மூடியோட சாவியையும் மறக்காம குடுக்கணும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்க மறைவா வைக்கிற கில் சுவிட்சுக்குத்தான் ரொம்ப மண்டையை உடைச்சேன். ஃப்யூல் பம்ப்பை கட் பண்ற மாதிரி வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியன் சொன்னார், எனக்கு மனசு ஒப்பல, ஓடிட்டு இருக்கிறப்போ சுவிட்ச் லூஸ் ஆனா நடு ரோட்டுல இன்ஜின் அணைஞ்சுடும். ஸ்டார்ட்டர் ரிலே லைன்ல வெச்சா ஸ்டார்ட் ஆகாது, ஆனா ஓடுற வண்டி நிக்காது. அதையே செய்ய வெச்சேன், ஒரிஜினல் வயரை வெட்டாம ரிலே சாக்கெட்ல சொருகுற ரெடிமேட் வயர் செட் (ஹார்னஸ்) போட்டதால வாரண்டி பயமும் குறைவு. சுவிட்ச் இருக்கிற இடத்தை வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் சொல்லாதீங்க.

பாக்கெட்லயே வெச்சுட்டு பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ற கீலெஸ் சாவியா இருந்தா சிக்னலைத் தடுக்கிற பவுச் வாங்குங்க. வாங்கினதும் சாவியை உள்ள போட்டு வண்டிக்குள்ள உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, சாவி இல்லைன்னு வண்டி சொன்னாதான் அந்த பவுச் உருப்படி. தேயத் தேய தடுக்கிற சக்தி போயிடும், அப்பப்போ டெஸ்ட் பண்ணணும்.

அலாரம் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, மூடின கார்ல வர்ற அல்ட்ராசோனிக் சென்சார் திறந்த வண்டிக்கு ஒத்து வராது, காத்து அடிச்சாலே கத்தும். மைக்ரோவேவ் சென்சாரும், யாராவது கட்டி இழுத்தா கண்டுபிடிக்கிற டில்ட் சென்சாரும்தான் இதுக்கு சரி.

வண்டி எங்க இருக்குன்னு காட்டுற டிராக்கருக்கு சொந்த பேட்டரி இருக்கணும், இல்லைன்னா வண்டி பேட்டரியை கழட்டினதும் கொஞ்ச நேரத்துல அதுவும் செத்துடும். ப்ளூடூத் டேக் மட்டும் போதும்னு நினைக்காதீங்க, கூடவே ஒரு டேக் வருதுன்னு திருடனோட போனுக்கே எச்சரிக்கை போயிடும், அவனும் தேடி எடுத்து வீசிடுவான்.

வண்டி முழுசா போகலைன்னாலும் பாகம் பாகமா போகும். கதவு கீல்ல இருக்கிறது சாதாரண டார்க்ஸ் போல்ட் (தலையில நட்சத்திரக் குழி இருக்கிறது), அதைக் கழட்டுற டி50 பிட் எவன்கிட்ட வேணாலும் இருக்கும். நடுவுல முள் வெச்ச செக்யூரிட்டி டார்க்ஸ் போல்ட்டா மாத்திட்டேன், அதுக்கான பிட்டும் கடையில கிடைக்கும்தான், இருந்தாலும் சாதா பிட்டோட வர்றவனுக்கு வேலை ஆகாது. நாலு வீலுக்கும் பின்னாடி தொங்குற ஸ்டெப்னிக்கும் லாக் நட் போட்டாச்சு. ஆர்சி, பர்ஸ் எல்லாம் சீட்டுக்கு அடியில தரையோட போல்ட் பண்ணின இரும்புப் பெட்டியில இருக்கும், லாக் நட் சாவியும் அதுலதான். கதவைக் கழட்டிட்டு ஓட்டுற நாள்ல அந்தப் பெட்டிக்கு வெளிய ஒரு சார்ஜர் வயர் கூட விட்டு வைக்கிறதில்ல.