கச்சான் காற்றும் என் எலிகளும்

எலியின் சிறுநீர் மாரியிலும் கோடையிலும் ஒரே மாதிரித்தான் இருக்குமா? 2022 தையில் இந்தக் கேள்வியோடு மட்டக்களப்பில் ஒரு சின்ன விலங்குக்கூடத்தில் எட்டு விஸ்டார் எலிகளை, அதாவது ஆய்வுகூடத்து வெள்ளெலிகளை, பொறுப்பெடுத்தேன். மாதம் ஒருமுறை அனுசேபக்கூட்டில், அதாவது சிறுநீர் புனல் வழியாகக் கீழே ஒரு குழாயில் சேரும் கூட்டில், விட்டு 24 மணிநேரச் சிறுநீர் சேர்ப்பது வேலை. மட்டக்களப்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணிநேரம்கூட இல்லை. அதனால் நான் தேடியது மழையும், கச்சான் என்ற வறண்ட வெக்கைக் காற்றும் விட்டுச்செல்லும் தடத்தை.

எலிகள் தின்பதும் குடிப்பதும் பெரும்பாலும் இருட்டில்தான். ஆகவே விளக்கு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எரியும்படி டைமர் போட்டிருந்தேன். பங்குனியில் ஒருநாள் எட்டரைக்குக் கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. கரன்ட் இருந்தது, எலிகள் மும்முரமாகத் தீனி கொறித்துக்கொண்டிருந்தன. நாடெங்கும் மணிக்கணக்கில் கரன்ட் போன காலம் அது. கரன்ட் நின்றபோதெல்லாம் டைமரின் சக்கரமும் நின்று, எலிகளின் இரவு பகலுக்குள் நகர்ந்துவிட்டது. மாசி, பங்குனி மாதிரிகளை மனமில்லாமல் ஒதுக்கினேன். பிறகு பற்றரி உள்ள டைமர் வாங்கினோம்.

ஆனியில் சிறுநீரில் சோடியத்தின், அதாவது உப்பில் உள்ள மூலகத்தின், செறிவு சட்டென்று ஏறியது. ஆடியில் இன்னும் கூடியது. பருவத் தாளம் கிடைத்துவிட்டது என்று அன்றிரவே வரைபடம் கீறினேன். கூடு கழுவும் அண்ணன்தான் கேட்டார்: "புள்ள, கச்சான் அடிச்சா வாளித் தண்ணியே வத்துது. உன்ட குழாய்க்குள்ள மட்டும் வத்தாதா?"

சிறுநீர் சேரும் குழாயில் அது ஆவியாகாமல் எண்ணெய் விட்டிருந்தேன். மேலே உள்ள புனலை நினைக்கவில்லை. துளிகள் அதில் ஒட்டி, மெல்ல வழிந்து இறங்கும். வெறுங்கூட்டை வைத்து இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக 10 மில்லிலீட்டர் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். விடியும்போது குழாயில் எட்டரைதான் இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு மாதிரியிலும் கிரியேற்றினின் என்ற, தசையிலிருந்து வரும் கழிவுப்பொருளையும் அளந்தேன். அதை அளக்க உதவுவது 1886 இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் யாஃபே விவரித்த இரசாயனத் தாக்கம்: கிரியேற்றினின் இருந்தால் பிக்ரிக் அமிலத்தின் மஞ்சள், காரம் சேர்ந்ததும் செம்மஞ்சளாக மாறும். ஒரு நாளில் வெளியேறும் கிரியேற்றினின் தசையின் அளவைப் பொறுத்தது, அவ்வளவாக மாறாது. தண்ணீர் வற்றினால் சோடியமும் கிரியேற்றினினும் ஒரே விகிதத்தில் செறிவாகும். ஆகவே ஒன்றை மற்றதால் வகுத்தால் வற்றியதன் பாதிப்பு நீங்கிவிடும்.

வகுத்துப் பார்த்தேன். ஏறுகிறது என்று நான் கீறிய கோடு கச்சான் மாதங்களில் இறங்கியது! தீனி நிறுத்த குறிப்பேட்டைப் புரட்டியபோது காரணம் புரிந்தது. வெக்கையில் எலிகள் குறைவாகத் தின்றிருந்தன, தீனியில் இருந்துதான் உப்பு உள்ளே போகிறது.

எலிக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்க வெப்பமும் ஒளியும் மாறாத அறை வேண்டும், ஒரேயொரு ஆண்டுச் சுற்றும் போதாது. இப்போது பகல் பன்னிரண்டு மணிநேரம் ஒரு குழாய், இரவுக்கு ஒரு குழாய் என்று பிரித்தே சேர்க்கிறேன். புனலை ஒவ்வொரு சேகரிப்பின் முடிவிலும் அளந்த தண்ணீரால் கழுவி, அதையும் கணக்கில் எடுக்கிறேன்.