மிலான்: ஓவிய டிக்கெட் முதலில், விமான டிக்கெட் பிறகு

நாங்கள் செய்த பெரிய தப்பு வரிசையை மாற்றியதுதான். விமானம், ஹோட்டல், விசா என எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் லியோனார்டோ டாவின்சியின் ‘லாஸ்ட் சப்பர்’ ஓவியத்தைப் பார்க்க டிக்கெட் எடுக்க உட்கார்ந்தோம். சனி முதல் செவ்வாய் வரை இத்தாலியின் மிலானில் நான்கு நாள். மூன்று நாளுக்கு ஓர் இடம்கூட இல்லை. மிச்சமிருந்த திங்கட்கிழமை அங்கே வார விடுமுறை.

விசாவில் சொல்ல ஒன்றுமில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், அறை முன்பதிவு என்று ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு வழக்கமாகக் கேட்கும் கட்டுதான். கொடுத்தோம், வந்தது.

டிக்கெட் ஏன் இப்படிப் பறக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி எரிச்சல் அடங்கும். இது கழற்றி வேறிடத்தில் மாட்டக்கூடிய படம் இல்லை. சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவர். 1495 வாக்கில் தொடங்கி 1498 வரை லியோனார்டோ அதில் வேலை செய்தார். ஈரச் சுண்ணாம்பில், அது காய்வதற்குள் அவசரமாக வரைந்து முடிக்க அவருக்கு மனமில்லை. காய்ந்த சுவரில் நிதானமாக வரைந்தார். வண்ணம் சுவரோடு ஒட்டாமல் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1999இல் முடிந்த கடைசிப் பெரிய சீரமைப்புக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆட்களின் மூச்சில் இருக்கும் ஈரமும் உடுப்பில் வரும் தூசியும் அந்தச் சுவருக்கு ஆகாது. அதனால்தான் சின்னக் குழு, 15 நிமிடம், ஒரு கதவு மூடிய பிறகே அடுத்த கதவு. வாசலில் நின்று கெஞ்சினால் கூடுதலாக ரெண்டு பேரை உள்ளே விடுவார்கள் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது.

மூன்று மாத டிக்கெட்டை மொத்தமாக ஒரே நாளில் திறக்கிறார்கள். எந்தத் தேதி என்று அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். பயணத் தேதியே முடிவாகாதபோது அதை யார் பார்க்கிறார்கள்! ஆனால் அதைப் பார்த்துத்தான் பயணத் தேதியையே முடிவு செய்ய வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. புதன்கிழமை தோறும், இத்தாலி நேரம் நண்பகல் 12 மணிக்கு, அடுத்த வாரத்துக்கான கூடுதல் டிக்கெட்டுகளை விடுகிறார்கள்.

அதிலும் சறுக்கினோம். குளிர்காலத்தில் இத்தாலியின் 12 மணி நமக்கு மாலை 4.30. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு 3.30. ஏப்ரல் முதல் வாரத்தில் பழைய கணக்குப்படி 4.25க்குக் கணினி முன் உட்கார்ந்தால், கடை திறந்து ஒரு மணி நேரம் ஓடிவிட்டிருந்தது. சனி, ஞாயிறு இரண்டும் அந்தப் புதனோடு போயின. மிச்சமிருந்த செவ்வாய்க்கு அடுத்த புதன், அதாவது விமானம் ஏற இரண்டு நாள் முன்பு.

நடுவில் பதற்றத்தில் ஒரு மறுவிற்பனைத் தளத்திலும் பணம் கட்டினோம். டிக்கெட் 15 யூரோ; அவர்கள் வழிகாட்டியோடு சேர்த்து நான்கு மடங்குக்கு மேல் வாங்கினார்கள். வந்த மின்னஞ்சலைக் கூர்ந்து படித்தால், அது டிக்கெட்டே இல்லை, ‘கோரிக்கை பெறப்பட்டது’ என்று மட்டும். மூன்றாம் நாள் ‘இடம் கிடைக்கவில்லை’ என்றார்கள். பணம் திரும்பி வந்தது, ஆனால் அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தில் கொஞ்சம் கடித்துக்கொண்டு. வழிகாட்டியோடு போவது தப்பில்லை, கையில் நேரம் எழுதிய உறுதிச்சீட்டு உடனே வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இரண்டாவது புதனுக்குத் தயாராகும்போது கவனித்தவை இவை. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய் முதல் நாளே அதைத் திறந்து, வரம்பையும் ஏற்றி வையுங்கள். ஓடிபி வரும் சிம் கையில் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. பூஜ்ய யூரோ என்றாலும் அதுவும் ஓர் இடம்தான், பதிவு செய்தே ஆக வேண்டும். 18-25 வயதுக்கான 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்கு. நம் ஊர் மாணவர்கள் அதைத் தட்டினால் வாசலில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது பெயர். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடலாம். தமிழர்களின் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். இத்தாலியப் படிவமோ அதைக் காலியாக விட விடாது. புள்ளி வைத்தாலும் ஏற்கவில்லை. கூட வந்த ஒருவருக்கு, இருக்கும் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் அடித்தோம். வாசலில் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவதைவிட இது பாதுகாப்பு. பாஸ்போர்ட்டில் அச்சாகாத எதுவும் டிக்கெட்டில் இருக்கக் கூடாது.

3.30க்கு ஐந்து நிமிடம் முன்பே உள்நுழைந்து காத்திருந்தோம். செவ்வாய் காலைக்கு நான்கு டிக்கெட். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ.

ஹோட்டல் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி, பிப்ரவரி கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஃபேஷன் வாரம். இந்த நாட்களில் சாதாரண அறையும் எட்டாத விலைக்குப் போகும். எங்கள் சனி, ஞாயிறு சரியாகக் கண்காட்சியின் கடைசி இரண்டு நாளில் விழுந்தது. திங்கள் இரவு அதே அறை பாதி விலை. ஆகஸ்ட் நடுவில் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் சின்னக் கடைகள், உணவகங்கள் பல பூட்டிக் கிடக்கும். நகர வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக ஹோட்டலில் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, பயப்படாமல் கட்டலாம்.

விமான நிலையப் பெயரைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ‘மிலான் பெர்கமோ’ என்பது பெர்கமோ என்கிற வேறு ஊரின் விமான நிலையம். பேருந்தில் ஒரு மணி நேரம். லினாத்தே விமான நிலையம் ஊருக்குப் பக்கம், மெட்ரோ நான்காம் வழித்தடம் போகிறது. மல்பென்சா சுமார் 50 கிலோமீட்டர். அதன் விரைவு ரயிலுக்குத் தனி டிக்கெட், நகர மெட்ரோவின் 2.20 யூரோ டிக்கெட் செல்லாது. அந்த ரயிலில் சில கடோர்னா நிலையத்துக்குப் போகும், சில சென்ட்ராலே நிலையத்துக்குப் போகும். பலகையைப் பார்க்காமல் முதலில் வந்ததில் ஏறினால் ஊரின் வேறு மூலையில் இறங்குவீர்கள். ஓவியம் இருக்கும் மடத்துக்குக் கடோர்னாவிலிருந்து பத்து நிமிட நடை. மெட்ரோவில் வங்கி அட்டையைத் தட்டியே நுழையலாம். வெளியே வரும்போதும் அதே அட்டையைத் தட்ட வேண்டும், ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான்.

துவோமோ பேராலயம் ஒரு சிக்கலும் தரவில்லை. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். கூரைக்கு லிஃப்ட் டிக்கெட் எடுத்தாலும் மேலே போய்ப் படிகள் உண்டு. முட்டிவலிக்காரர்கள் தெரிந்துகொண்டு எடுக்கவும். திங்கட்கிழமைக்கு அதுதான் சரியான இடம், ஏனென்றால் பிரேரா ஓவியக்கூடமும் ஸ்ஃபோர்சா கோட்டையின் அருங்காட்சியகங்களும் அன்றைக்கு மூடல்.

செவ்வாய் காலை அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பையை லாக்கரில் போட வேண்டும், அதற்கும் வரிசை. தாமதமாக வந்த ஒரு ஜோடியின் குழு உள்ளே போய்விட்டது. டிக்கெட்டை நீட்டிக்கொண்டே நின்றார்கள், திறக்கவில்லை. உள்ளே போனதும் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம்தான், ஆனால் முதல் ஐந்து நிமிடம் அதை விட்டுவிடுங்கள். நடுவில் இயேசுவுக்குக் கீழே பாருங்கள்: 1652இல் அங்கே ஒரு வாசலை வெட்டியதில் அவர் பாதம் போய்விட்டது. எதிர்ச்சுவரில் மோன்தோர்ஃபானோ என்ற ஓவியர் 1495இல் வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறது. அது ஈரச் சுண்ணாம்பில் வரைந்தது, வண்ணம் இன்னும் பளிச்சென்று நிற்கிறது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மணி அடித்ததும் வெளியே போகும் கதவு திறந்துகொண்டது.