உள்களத்தில் நாலு பேர்

போன நவம்பர் முதலாம் திகதி இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. அவித்த புட்டு நீத்துப்பெட்டியிலேயே ஆறிக் கிடந்தது. பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், ஒன்பதாவது இனிங்ஸ் (வழக்கமாக அதுதான் கடைசிச் சுற்று), நாலுக்கு நாலு. ஓடித் தொட வேண்டிய மூன்று பேஸிலும் எங்கள் புளூ ஜேய்ஸ் ஆட்கள், ஒருவர்தான் அவுட். ஒரேயொரு ஓட்டம் வந்தால் 1993க்குப் பிறகு ரொறன்ரோவுக்குக் கிண்ணம். அடித்த பந்து இரண்டாம் பேஸ் பக்கம் உருண்டது. எதிரணியான லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து, விழாமல் நிமிர்ந்து, ஓட்டம் முடியும் இடமான ஹோமுக்கு எறிந்தார். ஓடி வந்த எங்கள் ஆளின் கால் மயிரிழை பிந்திவிட்டது. பதினோராவது இனிங்ஸில் ஐந்துக்கு நாலு என்று பின்னுக்கு நின்றபோது, கடைசிப் பந்தும் நிலத்தோடுதான் போனது. மூக்கி பெற்ஸ் அதை எடுத்து, தானே இரண்டாம் பேஸை மிதித்து, முதலாம் பேஸுக்கு வீசினார். ஒரேயடியாக இரண்டு பேர் அவுட். முடிந்தது.

மகன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதான். நான் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கோப்பையும் கழுவாமல் நின்றேன்.

அந்த இரண்டு எறியும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டும் பேஸ்களை ஒட்டிய உள்களத்தில் நடந்தவை. அதனால்தான் புளூ ஜேய்ஸ் புளோரிடாவின் டனீடனில் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து நான் பார்ப்பது பந்து வீசுபவர்களை அல்ல, பேஸ்களைச் சுற்றி நிற்கப்போகும் நாலு பேரை.

நான் 2006 தை மாதம் ஸ்காபுறோவுக்கு வந்தவள். முதல் வேலை பொதி கட்டும் தொழிற்சாலையில். பக்கத்தில் நின்று வேலை செய்த ஜமெய்க்கா அம்மா கோடை முழுக்கச் சின்ன ரேடியோவில் ஆட்டம் கேட்பார். எனக்கு அரைவாசியும் விளங்காது. ஒருநாள் இடைவேளையில், மடித்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் பேனையால் மைதானத்தைக் கீறிக் காட்டினார். கீறி முடிக்க முன்னமே பிடிபட்டுவிட்டது. அடிக்கிற பக்கம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடிய எல்லே: அடித்துவிட்டு ஓடு, பேஸ் பேஸாகச் சுற்றி வா. தடுக்கிற பக்கமோ கிளித்தட்டு. மற்றவர்களுக்குத் தங்கள் தங்கள் கோடு, கிளிக்கு நடுக்கோடு முழுவதும். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப்தான் கிளி. இருபது வருசமாக அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்த வருசம் எங்கள் கிளி பறந்துவிட்டது. போ பிஷெற் நியூயோர்க் மெற்ஸுக்குப் போய்விட்டார். 2021இலும் 2022இலும் எங்கள் அணி ஆடும் அமெரிக்கன் லீக்கிலேயே அதிக ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் சேர்வது) அடித்த பிள்ளை. முழங்கால் நோவோடு அந்த ஏழாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் ஒஹ்ரானியின் பந்தை மூன்று ஓட்டத்துக்கு வெளியே அடித்ததை யாரால் மறக்க முடியும்? அந்தத் துடுப்பு இல்லாத வெறுமை இந்த வருசம் தெரியும். ஆனால் ஷோர்ட்ஸ்டொப்பில் அவருடைய கால் அவ்வளவு தூரம் எட்டாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த இடத்துக்கு வருகிறவர் அன்ட்ரேஸ் கிமேனேஸ், வெனிசுவேலாக்காரர். கிளீவ்லாந்தில் இரண்டாம் பேஸில் நின்று 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று தங்கக் கையுறை, அதாவது தடுப்பில் சிறந்தவருக்கான விருது, வாங்கினவர். அடித்துவிட்டு ஓடுகிறவர் முதலாம் பேஸைத் தொட ஏறக்குறைய நாலரை விநாடி. அதற்குள் ஷோர்ட்ஸ்டொப் பக்கவாட்டில் ஓடி, குனிந்து, எடுத்து, நூறு அடிக்கு மேல் எறிய வேண்டும். கிமேனேஸ் பந்தைக் கையுறையில் வைத்திருப்பதை நீங்கள் பார்க்கவே முடியாது. கையுறையில் பட்டது மறுகணம் வலக்கையில் இருக்கும். அடியில்தான் குறை: போன வருசம் நூறு தடவைக்கு இருபத்தொரு ஹிட். ஒன்பதாவது ஆளாக அடிக்க விட்டாலும் பரவாயில்லை, அவர் தடுக்கிற பந்துகளே போதும் என்பேன்.

இரண்டாம் பேஸில் ஏர்னி கிளெமன்ற். வேறு அணி வேண்டாமென்று விட்டபின் 2023இல் இங்கே வந்து சேர்ந்தவர், போன ஒக்ரோபரில் ஒரே பிளேஓஃப்ஸில் (கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளில்) 30 ஹிட் என்று சாதனையே வைத்துவிட்டார். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார். எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் அடுப்படியிலும் பந்தலிலும் ஒரே ஆளைக் காண்பீர்களே, அப்படி ஒருவர்.

முதலாம் பேஸைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. விளடிமிர் கெரேரோ மொன்றியலில் பிறந்தவர், 14 வருசத்துக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் இந்த வருசம்தான் தொடங்குகிறது. அவர் நிற்பார்.

மனம் முழுக்க மூன்றாம் பேஸில்தான். கசுமா ஒகமோற்றோ, யப்பானின் யொமியூரி ஜயன்ற்ஸ் அணியில் 248 ஹோம் ரன் (பந்தை வெளியே அடிப்பது) அடித்தவர். 2023 உலக பேஸ்போல் கிண்ண இறுதியிலும் ஒன்று அடித்தார், யப்பான் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. போன மே மாதம் முதலாம் பேஸில் நின்றபோது ஓடி வந்தவர் மோதி இடது முழங்கையில் காயம், மூன்று மாதத்துக்கு மேல் ஆட முடியாமல் போனது. இப்போது நாலு வருசத்துக்கு இங்கே. ஜயன்ற்ஸின் மைதானமான டோக்கியோ டோமும் இங்குபோலச் செயற்கைப் புல்தான், ஆதலால் பந்து எழும்புவது அவருக்குப் புதிதல்ல. புதிது, பந்தே. இங்குள்ளது கொஞ்சம் பெரிது, வழுக்கும். விரலுக்கு அது பழக மாதக்கணக்கு எடுக்கும். நான் வந்த வருசம் குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு சில்லறைக் காசு எண்ணப் பழகினது நினைவுக்கு வருகிறது. ஏப்ரலில் அவருடைய எறி ஒன்றிரண்டு பிழைத்தால் மைதானத்தில் யாரும் கூச்சலிடாமல் இருக்க வேண்டும். பொறுத்தால் யூனில் வேறு ஆளைப் பார்ப்போம்.

மூன்றாம் பேஸ் எவ்வளவு பயங்கரமான இடம் என்று எனக்குத் தெரியும், மகன் நிற்பது அங்கேதான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. போன வைகாசியில் பூங்கா மைதானத்தில் பந்து ஒரு கல்லில் பட்டு எழும்பி அவன் சொண்டைக் கிழித்தது. இரண்டு தையல். அந்தக் கல்லைத் தேடி எடுத்தேன், புளியங்கொட்டை அளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரை மணித்தியாலம் முந்திப் போய், பேஸைச் சுற்றிக் குனிந்து கல் பொறுக்குவேன். இப்போது இன்னும் இரண்டு தாய்மார் சேர்ந்துகொள்கிறார்கள். ஈர மண் நகத்துக்குள் ஏறும், வீட்டுக்கு வந்து ஊசியால்தான் எடுக்க வேண்டும்.

முதல் ஆட்டம் மார்ச் 27, வெள்ளிக்கிழமை. என் கணவர் இரவு வேலையை மாற்றிவிட்டார். மேல் தட்டில், மூன்றாம் பேஸ் பக்கம், மூன்று இருக்கை. ஆட்டத்துக்கு முன்னம் ஒகமோற்றோ நிலப்பந்து பிடித்துப் பழகுவதைப் பார்க்க வேண்டுமாம் மகனுக்கு. நாலு மணிக்கே கெனடி நிலையத்தில் ரயில் ஏற வேண்டும் என்று நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறான்.