எப்போதும் 27.8

2024 ஜூன் 9, ஞாயிறு

காணொளி ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மேசைக் கணினி தானாகவே வேகம் குறைந்தது. பெட்டியின் பக்கத்தகட்டில் கை வைத்தால் சூடு தெரிகிறது. விசிறியோ வேலையே இல்லாதது போல மெதுவாகச் சுற்றுகிறது. டெபியன் லினக்ஸைப் புதிதாக நிறுவிய பிறகு, வெப்பநிலை, விசிறி உணரிகளைப் படித்துக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பைச் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சேர்த்துவிட்டு 'சென்சார்ஸ்' கட்டளையை இட்டேன். செயலியின் நான்கு கோர்களும் 90 பாகையை ஒட்டி இருப்பதாக, அதன் உள்ளுணரிகளைப் படிக்கும் கோர்டெம்ப் காட்டியது. அதற்குக் கீழே ஏசிபிஐடிஇசட் என்ற வரியில் 27.8 பாகை. காணொளி வேலையை நிறுத்திக் கணினி ஆறிய பிறகும் அதே 27.8. பல தாய்ப்பலகைகளில் இந்த எண் கணினியின் தொடக்க நிரலான பயாஸில் எழுதிவைத்த மாறிலியே தவிர, எந்த உணரியும் அளந்து சொல்வதன்று. விசிறியின் சுழற்சியைக் காட்டும் வரி ஒன்றுகூட இல்லை.

2024 ஜூன் 10, திங்கள்

உணரிச் சில்லுகளைத் தேடும் 'சென்சார்ஸ்-டிடெக்ட்' நிரலை ஓட்டி, அது பரிந்துரைத்த விடைகளையே ஏற்றுக்கொண்டேன். தாய்ப்பலகைச் சில்லுகளை இணைக்கும் எஸ்எம்பஸ் தடத்தைத் துழாவும் இடத்தில் மட்டும் இன்றும் கை சற்றுத் தயங்குகிறது; பழைய ஐபிஎம் திங்க்பேட் சிலவற்றில் இப்படித் துழாவியதில் அமைவுகளைச் சேமிக்கும் ஈஈப்ராம் நினைவகம் கெட்டு, மடிக்கணினியே எழும்பாமல் போனதுண்டு.

தாய்ப்பலகையில் இருப்பது நுவோடான் என்சிடி6779டி என்ற, விசிறியையும் வெப்பநிலையையும் கவனிக்கும் சூப்பர் ஐ/ஓ சில்லு, அதற்கான டிரைவர் என்சிடி6775 என்று விடை வந்தது. ஆனால் டிரைவரை ஏற்றினால், சாதனம் வேறு பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவைப் பார்த்ததில், டிரைவர் கேட்கும் ஹெக்ஸ் (பதினாறடி எண்) 295, 296 ஆகிய போர்ட்டுகள், அதாவது சில்லோடு பேசும் முகவரிகள், பயாஸ் வன்பொருளைக் கையாளும் முறையான ஏசிபிஐ தனக்கென்று அறிவித்திருக்கும் 290 முதல் 299 வரையிலான பகுதிக்குள் விழுகின்றன.

இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சில்லுக்குள் ஏராளமான பதிவகங்கள் (மதிப்புகளை வைத்திருக்கும் சிறு அறைகள்) இருந்தாலும் வெளியே தெரியும் வாசல்கள் இரண்டுதான்: 295இல் பதிவகத்தின் எண்ணை எழுத வேண்டும், 296இல் மதிப்பைப் படிக்கவோ எழுதவோ வேண்டும். டிரைவர் எண்ணை எழுதிய பிறகு, மதிப்பை எழுதுவதற்குள் பயாஸின் ஏசிபிஐ நிரல் குறுக்கே வந்து 295இல் வேறு எண்ணை வைத்துவிட்டால், விசிறிக்குப் போக வேண்டிய மதிப்பு வேறெங்கோ போய் உட்காரும். தவறாகப் படிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். தவறாக எழுதுவது அப்படியன்று.

2024 ஜூன் 12, புதன்

கெர்னலுக்கு 'ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ்' என்று கொடுத்தால் மறுப்பு நீங்கிவிடும். கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் சொல்லும் மருந்து இதுதான். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏசிபிஐ நிரல் அடங்கிய டிஎஸ்டிடி அட்டவணையை எடுத்து, ஐஏஎஸ்எல் என்ற கருவியைக் கொண்டு படிக்கத்தக்க வடிவமாக்கி, அந்தப் பகுதியை யார் தொடுகிறார்கள் என்று மாலை முழுவதும் தேடினேன். வெப்பநிலையைக் கேட்டால் சொல்லும் சில செயற்கூறுகள் மட்டுமே தொடுகின்றன. என் கணினியில் அவற்றை அழைப்பவர் எவரும் இல்லை. அதன் பிறகே, கெர்னலை ஏற்றும் க்ரப்பில் அந்த வரியைச் சேர்த்து மறுதொடக்கம் செய்தேன். டிரைவர் முணுமுணுக்காமல் ஏறியது.

2024 ஜூன் 15, சனி

வரிகள் வந்துவிட்டன, எந்த வரி எதனுடையது என்பதே இன்றைய வேலை. ஆக்ஸ்டின் என்ற உணரிகளில் ஒன்று 117 பாகை என்கிறது, இன்னொன்று பூச்சியத்துக்குக் கீழே போகிறது. அவை எதனோடும் இணைக்கப்படாத முனைகள் என்பதால், அமைவுக் கோப்பில் 'இக்னோர்' என்று எழுதி மறைத்துவிட்டேன்.

பக்கத்தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு விசிறியின் நடுக்குமிழையும் விரல்நுனியால் மெல்ல அழுத்தி நிறுத்தி, திரையில் எந்த எண் பூச்சியமாகிறது என்று பார்த்தேன். இறக்கையைப் பிடித்தால் விரலுக்கும் கேடு, விசிறிக்கும் கேடு. செயலிக்கு மேலிருக்கும் விசிறி எண் இரண்டு. செயலி 88 பாகையில் கொதிக்கும்போதும் அது நிமிடத்துக்கு 640 சுற்றுக்கு மேல் போகவில்லை.

காரணம் 'பிடபிள்யூஎம்2_டெம்ப்_செல்' என்ற கோப்பில் இருந்தது. அதன் மதிப்பு 1. அதாவது விசிறி செயலியைப் பார்க்காமல், 34 பாகையைத் தாண்டாத தாய்ப்பலகை உணரியைப் பார்த்துத் தன் வேகத்தை முடிவு செய்கிறது. இதைப் போன வருடமே பயாஸில் மாற்றிவைத்தது எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது. வெளியீட்டை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தபோது, முதலில் கவனிக்காமல் விட்ட விபேட் என்ற வரி, அதாவது பயாஸ் அமைவுகளைக் காக்கும் மின்கலத்தின் அழுத்தம், கண்ணில் பட்டது: 2.38 வோல்ட், பக்கத்திலேயே அலாரம். நான் மாற்றிவைத்தது ஏன் மறைந்தது என்று புரிந்தது.

2024 ஜூன் 16, ஞாயிறு

கடைத்தெருவில் ஒரு சிஆர்2032 வட்டக்கலம் வாங்கி மாற்றினேன். பயாஸின் கடிகாரம் 2014ஐக் காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தி, செயலி விசிறியின் வெப்ப மூலத்தைச் செயலிக்கே மாற்றிச் சேமித்தேன். அதே காணொளியை மீண்டும் மாற்றுகையில் செயலி 69 பாகை, விசிறி இரண்டு 1,480 சுற்று, விபேட் 3.06 வோல்ட். ஏசிபிஐடிஇசட் இன்னும் 27.8தான், அதையும் 'இக்னோர்' வரிசையில் சேர்த்துவிட்டேன்.