ஒரு கண் போதும் என்று சொன்ன பிறகு

"படம் வரைய ஒரு கண் போதும், தம்பி." ஓவிய வகுப்பு எடுக்கும் நான் ஒரு மாணவனிடம் சொன்ன வார்த்தை இது. அதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பருவம் வரும்போதெல்லாம், அதை எதற்காகச் சொன்னேன் என்ற கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது.

சிறு வயதிலேயே அவனுக்கு இடக்கண் பார்வை போய்விட்டது. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருக்கும் குடத்தின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு அளக்கச் சொல்வது எங்கள் வகுப்புகளில் வழக்கம். மற்ற பிள்ளைகள் கண்ணை மாற்றி மாற்றி மூடி, பென்சில் இடம் பெயர்ந்துவிட்டது என்று குழம்பிக்கொண்டிருக்கும்போது, அவன் அளந்து முடித்துக் கோடு போட்டிருப்பான். தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் பாடத்தில் அவன் வரைந்த கடைத்தெரு ஒன்றை நெடுநாள் வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கூரை விளிம்புகளும் திண்ணைகளும் தூரத்தில் கோடுகள் கூடி மறையும் ஒரே மறைபுள்ளியை நோக்கிப் பிசகாமல் ஓடின என்பது பெரிய விஷயமில்லை; அதை அளவுகோல் வைத்து யாரும் செய்யலாம். தெருக்கோடியில் இருந்த வீடுகளின் நிழலைக்கூட அவன் கருமையாக்காமல், வெளிர் நீலச் சாம்பலில் விட்டிருந்தான். தூரத்தில் கருப்பும் வெளிறிவிடும் என்பதை நான் அதுவரை அந்த வகுப்பில் சொல்லியிருக்கவில்லை.

விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் அவன் வந்து, "சிற்பம் எடுக்கலாம்னு இருக்கேன் சார்" என்றான். ஓவியப் பிரிவை எடுக்கும்படி நான் சொன்னேன். ஏன் என்று கேட்டான். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதற்கான காரணங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

அந்தக் காரணங்கள் வலுவானவை. தட்டையான தாளில் ஆழம் இருப்பதுபோலக் காட்ட ஓவியனுக்குக் கிடைத்திருக்கும் வழிகள் அத்தனையும் ஒற்றைக் கண்ணுக்கு உரியவை. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் ஒரு பகுதியை மறைப்பது, தூரம் போகப் போக உருவம் சிறுத்துக் கண்மட்டக் கோட்டை நெருங்குவது, இணைகோடுகள் குவிவது, தரையின் சொரசொரப்பு நெருங்கி நெருங்கி மங்குவது, வெளிச்சமும் நிழலும் உருண்டையைத் திரட்டிக் காட்டுவது, இடையில் உள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்வது ஆகிய இவற்றில் ஒன்றுகூட இரண்டாவது கண்ணைக் கேட்பதில்லை. இரண்டு கண்களும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்து சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பெறுவதால் தோன்றும் ஆழம் வேறு வகையானது. அதை 1838இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிக் காட்டினார்; அருகில் இருக்கும் ஒரு திடப்பொருளை ஓவியனால் முழு உண்மையாக வரைந்துவிட முடியாது என்பதும் அவர் விளக்கத்திலிருந்தே தெளிவானது. ஓவியர் லியனார்டோ டா வின்சி அதற்கு மிக முன்பே தம் குறிப்புகளில் இதை உணர்ந்து எழுதியிருந்தார். ஓவியத்தை இரண்டு கண்ணால் பார்ப்பவருக்கு அந்த இரண்டாவது கண், இது வெறும் துணி, இங்கே பள்ளமும் இல்லை, மேடும் இல்லை என்று ஓயாமல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிளாரன்ஸ் நகரத்தில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி செய்து காட்டியதையும் அவனுக்குச் சொன்னேன். ஞானஸ்நானக் கோயிலைப் பலகையில் வரைந்து, அந்தப் பலகையிலேயே ஒரு துளை போட்டு, பின்புறத்திலிருந்து ஒற்றைக் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிரதிபலிப்பைப் பார்க்கச் செய்தார். வானம் இருக்க வேண்டிய இடத்தில் மெருகேற்றிய வெள்ளியைப் பதித்திருந்ததால் உண்மையான மேகங்களே அதில் நகர்ந்தன. மறைபுள்ளி வைத்து வரையும் முறை உலகத்துக்கு அறிமுகமானபோதே பார்ப்பவரின் ஒரு கண்ணை மூடச் சொல்லித்தான் அறிமுகமானது. "எல்லாரும் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிற இடத்துல நீ ஏற்கெனவே நிக்கற" என்றேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா படத்துல இருக்கறது இல்லாத ஆழம்தானே சார்? எனக்கு இருக்கற ஆழம் வேணும்" என்றான். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைப் பற்றிச் சொன்னான். பாறையைத் தள்ளும் அந்த நான்கு பேரையும் ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது, யார் கை முன்னால், யார் தோள் பின்னால் என்று தனக்கு முதலில் பிடிபடவில்லை என்றும், சுற்றி நடக்கத் தொடங்கியதும் ஒருவர் பின்னாலிருந்து மற்றவர் விலகி விலகி வந்து எல்லாமே புரிந்துவிட்டது என்றும் சொன்னான். "படத்தைச் சுத்தி நடக்க முடியாதே சார்."

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஒற்றைக் கண்ணுள்ளவருக்கு அருகில் இருப்பவற்றின் உண்மையான ஆழத்தைத் தருவதில் அசைவுக்கு முக்கியமான பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். தலையை அசைத்தால் அருகில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகரும். ஓவியத்தின் முன்னால் எவ்வளவு அசைந்தாலும் எல்லாம் ஒன்றாகவே நகரும். அவன் தன் அனுபவத்திலிருந்து, நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடத் தெளிவாகப் பேசினான்.

ஆனாலும் நான் விடவில்லை. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் தம்மையே வரைந்துகொண்ட படங்களில் இரண்டு கண்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்பதைக் கொண்டு, அவருக்கு இரு கண் ஆழப்பார்வை இல்லாதிருந்திருக்கலாம் என்று நரம்பியல் ஆய்வாளர்களான மார்கரெட் லிவிங்ஸ்டனும் பெவில் கான்வேயும் 2004இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியதைச் சொன்னேன். அது ஊகம்தான் என்பதையும், ஏற்காதவர்கள் உண்டு என்பதையும் அந்த நேரத்தில் சேர்த்துச் சொல்லவில்லை. சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைச் சொன்னேன். பிறவியிலேயே ஒரு கண் தெரியாமல், மறு கண்ணும் மிக மங்கலாக இருந்த அந்த மனிதர், இடைக்கால பக்தர்களின் வாழ்க்கையை அங்குள்ள ஹிந்தி பவனத்தின் சுவர்களில் மனிதக் கூட்டம் ஆறுபோல ஓடும்படி தீட்டி 1947இல் முடித்தார். அங்கே மறைபுள்ளி இல்லை. ஒருவரை ஒருவர் மறைத்து நிற்பதிலேயே சுவருக்கு ஆழம் வந்துவிடுகிறது. அவனுக்கு அவரைப் பிடித்திருந்தது. விண்ணப்பத்தில் ஓவியம் என்று எழுதினான்.

பினோத் பிஹாரியின் கதையில் பாதியைத்தான் சொன்னேன் என்பது பின்னர்தான் என்னை உறுத்தத் தொடங்கியது. 1950களின் பிற்பகுதியில் அவருக்குப் பார்வை முழுவதுமாகப் போனது. அதன் பிறகு அவர் காகிதத்தை வெட்டி ஒட்டினார், விரலால் தடவித் தடவிச் சிற்றுருவங்கள் செய்தார், பீங்கான் ஓடுகளில் ஒரு சுவரையே அமைத்தார். நான் எடுத்துக்காட்டிய மனிதரே கடைசியில் தொட்டு அறியும் ஆழத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். அதை அன்று மறந்தேனா, தவிர்த்தேனா என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரு கண் ஆழப்பார்வை மிகவும் கைகொடுப்பது கைக்கெட்டும் தூரத்தில்தான். சிற்பி வேலை செய்யும் தூரமும் அதுதான். உளியின் நுனி கல்லின் எந்த இடத்தில் நிற்கிறது, சுத்தி எங்கே இறங்குகிறது என்பதை நொடிக்கு நொடி கணிக்க வேண்டிய தொழில் அது. அவனுடைய பலம் எது என்பதை அந்தக் கடைத்தெருப் படத்தில் நான் கண்டிருந்தேன். பலம் இருக்கும் பக்கம் போ என்று சொல்வது ஆசிரியரின் கடமை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. சொல்லிக்கொள்ளும்போது நம்பவும் செய்கிறேன்.

ஆனால் சிற்பம் என்று அவன் வாயைத் திறந்த கணத்தில் என் மனதில் வந்தது புருனெல்லெஸ்கி அல்ல. கல் தெறித்து அந்த இன்னொரு கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம்தான் வந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அச்சத்தை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே காரணங்களைப் பேசினேன். சொன்ன காரணங்கள் உண்மையானவை. ஆனால் நான் பேசியது அவற்றுக்காக அன்று. இத்தனைக்கும் சிற்பம் என்றாலே கல்லும் உளியும் என்று ஆகிவிடாது. அவன் பெயர் சொன்ன உழைப்பாளர் சிலையே வெண்கலம். வார்ப்பதற்கு முன் களிமண்ணிலோ மெழுகிலோ உருவம் செய்வதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அதைப் படைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியை நடத்தியவர், தூரிகையையும் விடவில்லை, களிமண்ணையும் விடவில்லை. இது எதுவும் எனக்குத் தெரியாததன்று.

அவன் நன்றாகப் படித்தான். இப்போது பெரிய அளவில் ஓவியங்கள் செய்கிறான். அண்மையில் கொண்டுவந்து காட்டிய படங்களில் வெளிச்சம் விழும் இடங்களில் வண்ணம் அப்பி அப்பி மேடாக எழுந்து நின்றது. நிழல்கள் மட்டும் மெல்லிய பூச்சில் உள்வாங்கிக் கிடந்தன. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஏறக்குறைய புடைப்புச் சிற்பம். நான் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். "நீங்க சொன்ன ரெம்ப்ராண்ட்தான் சார்" என்று சிரித்தான். அது உண்மை; வெளிச்சத்தைக் கனமாகவும் நிழலை மெல்லியதாகவும் தீட்டுவது ரெம்ப்ராண்டின் கைவழக்கம். அன்று நான் பேசியதன் பலன் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அன்று நான் தடுத்த ஒன்று வண்ணத்தின் வழியாக வெளியே வருகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். வருத்தம் உண்டா என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் என் மனம் கோணாதபடிதான் பதில் சொல்வான்.

இன்று அதே விண்ணப்பத்தோடு வேறொருவன் வந்து நின்றால் முதலில் என் அச்சத்தைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஒற்றைக் கண்ணைப் பற்றியும் மறைபுள்ளியைப் பற்றியும் பேசுவேன் என்று எழுத விரும்புகிறேன். ஆனால் அந்த மாணவனிடம் அன்று அப்படிச் சொல்லியிருந்தால், "பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கறேன் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுச் சிற்பம் என்றே எழுதியிருப்பான். அது தெரிந்ததால்தான் சொல்லாமல் விட்டேனோ என்றும் தோன்றுகிறது.