உவர்த்தறையில் சுண்ணாம்புத் தெரு

நாவற்குழிப் பக்கம் வயலுக்குள்ளால் போகும் ஓர் ஒழுங்கையைத் தெருவாக்கும் வேலை வந்தபோது, என் பயமெல்லாம் மண்ணில்தான். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மாரியில் உழவு இயந்திரத்தின் சில்லு பாதிவரை புதையும். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் சி.பி.ஆர். சோதனையை நான்கு நாள் ஊறவைத்துச் செய்தோம். 2 சதவீதம் கூட வரவில்லை. முழுவதையும் வெட்டி எறிந்து வன்னியிலிருந்து கிறவல் மண் ஏற்றக் காசு இல்லை. சுண்ணாம்பு கலப்பதென்று முடிவெடுத்தோம்.

வேலைக்கு வந்த அண்ணை ஒருவர் கேட்டார்: "கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுத்தானே, அதை அரைச்சுப் போட்டா என்ன?" நியாயமான கேள்வி. ஆனால் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டுக் காபனீரொட்சைட்டைப் போக்கினால்தான், களிமண்ணின் சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்துப் பிணைக்கும் காரம் அதற்கு வரும். காற்றுப்பட்டால் அந்தக் காரம் போய்விடும். அதனால்தான் வாய் திறந்து கிடந்த பைகளைத் திருப்பி அனுப்பினேன்.

போத்தல்களில் மண்ணும் தண்ணீரும் 2 முதல் 6 சதவீதம் வரை சுண்ணாம்பும் இட்டு, ஒரு மணித்தியாலம் இடையிடையே குலுக்கி, காரத்தைக் காட்டும் பி.எச். அளவைப் பார்த்தோம். களியைக் கரைக்க வேண்டிய 12.4 என்ற காரம் 5 சதவீதத்தில் வந்தது. அதுவே எங்கள் அளவு.

அன்று பின்னேரம் வயல்கார ஐயா ஒருவர் வந்தார். "தம்பி, மதவடிக்குக் கிட்டக் கோடையிலை வெள்ளையா உவர் பூக்கும். அங்கை நெல்லே வராது." எனக்கு நெஞ்சு திக்கென்றது. சில வருடங்களுக்கு முன் வேறொரு வேலையில், உவரில் இருக்கக்கூடிய சல்பேற்று உப்பைப் பார்க்காமலே சுண்ணாம்பு கலந்தோம். ஒரு மாரி கழியத் தெரு பொங்கி வெடித்தது. சுண்ணாம்பு, அலுமினா, சல்பேற்று, தண்ணீர் நான்கும் சேர்ந்தால் எற்றிங்கைற்று என்ற பளிங்கு வளரும். அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பருத்து, மேலே உள்ளதைத் தூக்கும். ஷேல் என்ற, களி இறுகிய பாறையின் மண்ணில் தெருப் போடும் இடங்களில், பாறைக்குள் உள்ள பைரைற்று என்ற இரும்பு, கந்தகக் கனிமம் காற்றும் மழையும் பட்டுச் சல்பேற்றாகி இதே கேட்டைச் செய்யும். எங்களுக்கு அந்தப் பாறை இல்லை, கடல்நீரேரி இருக்கிறது.

மதவடி மண்ணைக் கரைத்து வடித்து, பேரியங் குளோரைட்டு விட்டதும் பாலாய் வெளுத்தது, சல்பேற்று இருப்பதன் அடையாளம். ஆய்வுகூட அளவில் பத்து இலட்சத்தில் 8000 பங்குக்கு மேல். 3000-க்குள் என்றால் பெரிதாகப் பயமில்லை. இது சுண்ணாம்பை நினைக்கவே கூடாத அளவு. அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கிறவல் நிரப்பினோம்.

ஆடி மாதம். சோளகக் காற்று எழும்பினால் சுண்ணாம்புத் தூள் வீடுகளுக்குள் போகும், கண்ணை எரிக்கும். அதனால் விடிய 5 மணிக்கே பரப்பி, பவுசரால் நனைத்து, ரொட்டவேற்றரால் கிளறினோம். உடனே ரோலர் விடவில்லை. இரண்டு நாள் ஈரத்தோடு விட்டோம். மூன்றாம் நாள் கையில் அப்பிய களி பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழி தோண்டி, சுண்ணாம்பின் காரம் பட்டால் சிவக்கும் பினோத்தலீனைத் தெளித்தோம். ஒரு குழியில் மட்டும் அடி இரண்டு அங்குலம் சிவக்கவில்லை. அங்கே திரும்பக் கலந்தோம்.

உருட்டிய பின் அடர்த்தி குறைவென்று மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். சுண்ணாம்பு போட்டால் உச்ச அடர்த்தி இறங்கும், தேவையான ஈரம் ஏறும். கலந்த மண்ணுக்குப் புதிதாகச் சோதனை செய்து அந்த இலக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். செய்து காட்டினேன். பிறகு ஏழு நாள் நனைத்தோம்.

தை மாதம் போய்ப் பார்த்தேன். தெரு பொங்கவில்லை. மதவடியில் கிறவலும் சுண்ணாம்பு மண்ணும் சந்திக்கும் இடத்தில் மயிரளவு வெடிப்பு ஒன்று. தார் ஊற்றி மூடி, திகதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.